ஒரே வீட்டுல மூணு நாள் பெருநாள்: பிறைய கண்ணால தான் பாக்கணுமா, கணக்கு போட்டா போதாதா?

கூத்தாநல்லூர் மருமக | 2025 மே 20

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சண்டை மூட்டி விட இத போடல, நெசமாவே குழப்பத்துல கேக்குறேன், தயவு செஞ்சு அமைப்பு பேரு சொல்லி அடிச்சுக்காதீங்க.

எங்க வீட்டு கதைய கேளுங்க. 2024 நோன்பு பெருநாள். கொழுந்தன் கணக்குப் பிறை ஆளு, அவரு ஏப்ரல் 9 செவ்வாக்கெழமையே குளிச்சு புதுசு உடுத்தி அத்தர் பூசி கெளம்பிட்டாரு. மச்சான் தம்மாம்ல இருக்காங்க, அங்க 10 புதன். நாங்க இங்க ஜமாத்தோட 11 வியாழன். மாமி மூணு நாளும் அடுப்படிலயே தான். செவ்வாக்கெழமை கொழுந்தனுக்காக வட்டலப்பம் வேக வச்சாங்க, இவங்களுக்கு நோன்பு, வாயில வச்சு பாக்க முடியாது, ஏலக்கா வாசம் வீடெல்லாம் தூக்குது, ஆறு வயசு பேத்திய கூப்ட்டு நீ பாருடின்னு ஒரு கரண்டி குடுத்தா அது சப்புக்கொட்டிட்டு "இனிப்பு பத்தல நன்னி"ன்னுச்சு. சிரிப்பு தான், ஆனா மாமி அன்னிக்கு ராத்திரி அழுதாங்க. ஒரு புள்ள திங்கிறான், ஒரு புள்ள வீடியோ கால்ல நோன்போட பாக்குறான், இதுல யாரு நோன்பு சரி யாரு நோன்பு தப்புன்னு. பெருநாள் அன்னிக்கு நோன்பு வைக்கிறது ஹராம்ல.

இந்த வருஷம் ரெண்டு நாளா கொறஞ்சுது. கொழுந்தனும் மச்சானும் மார்ச் 30, நாங்க 31.

இப்ப பக்ரீத் வருது. என் கேள்வி ரெண்டு. ஒண்ணு, கிரகணம் எத்தனை மணி எத்தனை நிமிஷம்னு நூறு வருஷத்துக்கு முன்னாடியே சொல்றாங்க, பள்ளிவாசல்ல தொழுகை டைம் அட்டை தொங்குது, யாரும் வெளிய வந்து நெழல அளக்குறதில்ல, பிறைக்கு மட்டும் ஏன் இந்த பாடு? ரெண்டு, பக்ரீத்துக்கு மொத நாள் வைக்கிற அரஃபா நோன்பு நான் எந்த நாள் வைக்கிறது, ஹாஜிங்க அரஃபாத்துல நிக்கிற அன்னிக்கா, நம்மூர் பிறை 9க்கா?

——

நாகூர் மேலவாடை

வ அலைக்கும் ஸலாம் தங்கச்சி. மாமிக்கு என் ஸலாம சொல்லுமா.

நான் கண்ணால பாக்குற கட்சி, முன்னாடியே சொல்லிடறேன். "பிறை பார்த்து நோன்பு வையுங்கள், பிறை பார்த்து நோன்பை விடுங்கள், மேகம் மறைத்தால் முப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்"னு ஹதீஸ் தெளிவா இருக்கு. இதுல மேகம்ங்கற வார்த்தைய தான் நான் புடிச்சுக்குவேன். மேகத்துக்கு பின்னாடி பிறை இருக்குதா இல்லையான்னு கணக்கு போட்டு கண்டுபுடிங்கன்னு சொல்லல, முப்பதா முடிச்சுட்டு போங்கன்னு தான் சொல்லியிருக்கு. பாமரனுக்கும் முடியணும்ல. ஆட்டுக்காரனும் பாக்கலாம் ஆலிம்சாவும் பாக்கலாம்.

ஊருக்கு ஊரு மாறுறதும் புதுசு இல்ல. குறைப்னு ஒருத்தரு சிரியாவுக்கு போயி வெள்ளிக்கெழமை ராத்திரி பிறை பாத்துட்டு மதீனா திரும்பி வர்றாரு, நபித்தோழர் இப்னு அப்பாஸ் அவங்க, நாங்க இங்க சனிக்கெழமை ராத்திரி தான் பாத்தோம், நாங்க முப்பது முடிக்கிற வரைக்கும் இல்ல பிறைய பாக்குற வரைக்கும் நோன்பு வைப்போம்ங்குறாங்க. அப்ப வாட்சப் இல்ல அதனால தான்னு சிலரு சொல்றாங்க. எனக்கு அப்புடி தோணல.

ஆனா ஒரு விஷயம் கேளு, நாகூர்காரங்களுக்கு கடல் இருக்குதேன்னு வெளியூர்காரங்க நெனப்பாங்க, கடல் நமக்கு கெழக்கு, பிறை நிக்கிறது மேக்கால, மேக்க பாத்தா தென்ன மரமும் மாடி வீடும் செல்போன் டவரும் தான். கோழிக்கோடு காப்பாட்டுகாரங்களுக்கு மேக்கால அரபிக்கடல் திறந்து கெடக்குது, சூரியனும் நமக்கு அப்பறம் ஒரு பதினஞ்சு பதினாறு நிமிஷம் கழிச்சு தான் மறையும், அதனால அவங்க பாத்து நாம பாக்காத வருஷம் வரத்தான் செய்யும். 2024ல அது தான் ஆச்சு, கேரளா 10, நாம 11.

சின்ன வயசுல ஷஃபான் (நோன்புக்கு முந்துன மாசம்) 29 அன்னிக்கும் நோன்பு 29 அன்னிக்கும் மஃரிபுக்கு முன்னாடியே மாடில ஏறிடுவோம். "அந்த தென்னங்கீத்துக்கு எடது பக்கம்"னு யாராச்சும் கத்துவாங்க, எல்லாரும் பாத்துட்டேன்னு சொல்லுவோம், பாதி பொய்யி. நகரா முரசு சத்தம் கேட்டா தான் உறுதி. ஐப்பசி கார்த்திகைல நோன்பு வந்த வருஷமெல்லாம் (2000லேந்து ஒரு நாலஞ்சு வருஷம்) வானமே தெரியாது, மழ கொட்டும், ராத்திரி பதினோரு மணி வரைக்கும் மெட்ராஸ்ல தலைமை காஜி என்ன சொன்னாங்கன்னு போன் போட்டுட்டே இருப்போம், தையக்கடைக்காரரு நாளைக்கா நாளன்னிக்கான்னு கேட்டு கேட்டு எங்க உசுர வாங்குவாரு.

உன் ரெண்டாவது கேள்விக்கு: நம்மூர் பிறை 9 தான் நமக்கு அரஃபா நோன்புங்கறது ஒரு சாரார் கருத்து, ஹாஜிங்க நிக்கிற நாள் தான்ங்கறது இன்னொரு சாரார் கருத்து, ரெண்டு பக்கமும் பெரிய ஆலிம்கள் இருக்காங்க. மனசு உறுத்துனா ரெண்டு நாளும் வச்சிடு. துல்ஹஜ் மொத ஒம்பது நாளும் நோன்பு வைக்க நல்ல நாள் தானே.

——

ஒத்தக்கல் மோதிரம்

கண்ணால தான் பாக்கணும்னா சஹர் நேரத்துக்கு அலாரம் எதுக்கு பாய், குர்ஆன்ல சொன்ன மாதிரி வெள்ளை நூலு கறுப்பு நூலு பிரிஞ்சு தெரியுதான்னு பாத்துக்கலாமே 😀

——

நாகூர் மேலவாடை

பஜ்ர் வெளுத்துச்சான்னு பாத்து அந்த நேரத்த கடிகாரத்துல குறிச்சு வச்சிருக்கோம் தம்பி. கேலி வேணாம், பதில் சொன்னா கேக்குறேன்.

——

வடுவூர் பிசிக்ஸ் டீச்சர்

சகோதரி, மதத்துக்குள்ள நான் வரல, எனக்கு அந்த தகுதியும் கெடையாது, ஆனா "கணக்கு"ங்கற ஒரே வார்த்தைய வச்சு எல்லாரும் வேற வேற விஷயத்த பேசுறீங்க, அத மட்டும் பிரிச்சு வைக்கிறேன்.

சூரியனும் சந்திரனும் நமக்கு ஒரே நேர்ல வர்ற நொடி இருக்குல்ல, அமாவாசையோட உச்சம், அத நொடி சுத்தமா கணிக்கலாம், அதுல யாருக்கும் சண்டை கெடையாது. 2024 ஏப்ரல் 8ல அமெரிக்காவுல முழு சூரிய கிரகணம் வந்துச்சே, அது தான் அந்த நொடி, நம்ம டைம்ல ராத்திரி 11:51. ஆனா அந்த நொடில பிறை யாருக்கும் தெரியாது. சந்திரன் சூரியன விட்டு மணிக்கு அரை டிகிரி தான் வெலகும். குறைஞ்சது ஏழு டிகிரியாவது வெலகினா தான் பிறைன்னு ஒரு கோடே உருவாகும்னு தாஞ்சோன்னு ஒரு பிரெஞ்சு வானியலாளர் 1930கள்ல சொன்னாரு, வெறும் கண்ணுக்கு இன்னும் கூட வேணும். ஏழு டிகிரி வெலகிட்டாலே எல்லா எடத்துலயும் தெரியும்னு இல்ல, எங்க எப்ப தெரியும்ங்கறது காத்துல இருக்குற தூசி, ஈரம், நீங்க நிக்கிற எடம், உங்க கண்ணு எல்லாத்தையும் பொறுத்தது. உலக மேப்புல இது ஒரு வளைஞ்ச கோடு மாதிரி விழும், கோட்டுக்கு மேக்கால உள்ளவன் பாப்பான், கெழக்கால உள்ளவன் பாக்க மாட்டான், மாசா மாசம் கோடு வேற எடத்துல விழும். அதனால கணக்கு "தெரிய வாய்ப்பு இருக்கு", "வாய்ப்பே இல்ல"ன்னு சொல்லும், "நாளைக்கு பெருநாள்"னு சொல்லாது. அத ஒரு மனுஷன் தான் முடிவு பண்ணணும்.

இப்ப உங்க வீட்டு மூணு நாளுக்கு வருவோம். 2024ல உங்க கொழுந்தன் அமாவாசை உச்சத்துக்கு அடுத்த தேதிய மாசத்தோட ஒண்ணுன்னு எடுத்துக்கிட்டாரு, அது 9. அன்னிக்கு சாயங்காலம் நம்ம பக்கம் சந்திரனுக்கு வயசு பதினெட்டரை மணி நேரம், வானம் சுத்தமா இருந்தா கண்ணுக்கு மாட்டுற அளவு தான், கேரளாவுல பாத்தோம்னாங்க, அவங்களுக்கு 10, சவுதியிலயும் 10. தமிழ்நாட்டுல பிறை தென்படலன்னு அறிவிப்பு வந்துச்சு, 11. மூணுக்கும் பின்னாடி ஒரே சந்திரன் தான், மாசம் எப்ப ஆரம்பிக்குதுங்கற விதி மட்டும் வேற.

2025 மார்ச் 29 தான் எனக்கு வேடிக்கையா இருந்துச்சு. அன்னிக்கு நம்ம டைம் சாயங்காலம் 4:28க்கு தான் உச்சம். நமக்கு சூரியன் மறையறப்ப சந்திரனுக்கு வயசு ரெண்டு மணி நேரம் கூட இல்ல, தேடவே வேணாம். மக்காவுல மறையறப்ப கூட அஞ்சு மணி நேரம் ஆகல, மூணு டிகிரிக்கு உள்ள தான், எந்த கணக்குப்படியும் அது கண்ணுக்கு தெரியாது. ஆனா சவுதில பாத்தோம்ங்கற சாட்சிய ஏத்துக்கிட்டு 30ம் தேதி பெருநாள்னு அறிவிச்சாங்க. அவங்க அச்சடிக்கிற உம்முல் குரா காலண்டர்லயும் 30 தான், அதோட விதி ஹிஜ்ரி 1423லேந்து என்னன்னா மக்காவுல சூரியன் மறையறதுக்கு முன்னாடி அமாவாசை உச்சம் முடிஞ்சிருக்கணும், சூரியனுக்கு அப்பறம் சந்திரன் மறையணும், அவ்ளோ தான், கண்ணுக்கு தெரியணும்னு அதுல இல்ல. துருக்கிகாரங்க முழுசா கணக்கு தான், 1978 இஸ்தான்புல் மாநாட்டுல எட்டு டிகிரி வெலகல், அஞ்சு டிகிரி உயரம்னு வச்சாங்க. மலேசியா இந்தோனேசியா பக்கம் இப்ப மூணு டிகிரி உயரம், 6.4 டிகிரி வெலகல். பாருங்க, கணக்கு போடுறவங்களுக்குள்ளயே ஆளுக்கு ஒரு நம்பர்.

வர்ற மாசத்துக்கு: மே 27 செவ்வா காலைல 8:32க்கு உச்சம். அன்னிக்கு சாயங்காலம் வயசு பத்து மணி நேரம், நம்மூர்ல யாராச்சும் பாத்தேன்னு சொன்னா நம்பாதீங்க. 28 புதன் 34 மணி நேரம், மேகம் இல்லன்னா கொழந்தைங்க கூட பாத்துடும். சூரியன் எறங்குன எடத்துக்கு மேல, கொஞ்சம் வலது பக்கம், அதாவது வடக்கு தள்ளி பாருங்க, ஏழரை வரைக்கும் தாராளமா இருக்கும். அப்ப நம்மூர் பக்ரீத் ஜூன் 7 சனிக்கெழமையா வரணும்.

——

கணக்குப்பிறை காக்கா

நான் உங்க கொழுந்தன் கட்சி மா. டீச்சர் சொன்னது எல்லாம் சரி, ஆனா "மனுஷன் தான் முடிவு பண்ணணும்"ங்கறாங்க பாருங்க, அந்த மனுஷன் யாருங்கறது தான் எங்க கேள்வியே. ஒரே உலகம் ஒரே சந்திரன், ஆனா மாநில எல்லைல பிறை நின்னுடுது. செங்கோட்டைய தாண்டுனா பெருநாள், இந்த பக்கம் நோன்பு. சந்திரனுக்கு செக்போஸ்ட் உண்டா?

அலி மணிக்ஃபான் அவங்கள பத்தி தெரியாதவங்களுக்கு சொல்றேன், மினிக்காய் தீவுல 1938ல பொறந்தவரு, பள்ளிக்கூட படிப்பு ரொம்ப இல்ல, மண்டபம் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துல வேலை பாத்தாரு, ஒரு மீன் இனத்துக்கே அவரு பேரு வச்சிருக்காங்க, 2021ல பத்மஸ்ரீ. உலகத்துக்கே ஒரே ஹிஜ்ரி காலண்டர்னு வாழ்நாள் பூரா பேசுனவரு. சந்திரனுக்கு தங்குமிடங்கள விதிச்சது வருஷங்களோட எண்ணிக்கையும் கணக்கும் நீங்க தெரிஞ்சுக்கத்தான்னு குர்ஆன்லயே இருக்கு (10:5). கணக்குன்னு வார்த்தையே இருக்கு. அத படிச்சுட்டு மொட்டை மாடில நின்னு கொட்டாவி விடணுமா?

——

நாகூர் மேலவாடை

காக்கா, அந்த ஆயத்த நானும் ஓதுறவன் தான். ஆனா நீங்க எடுக்குற 1ம் தேதி அன்னிக்கு உலகத்துல பாதி பேரு கண்ணுக்கு பிறையே இல்லன்னு டீச்சரே சொல்றாங்க. இல்லாத பிறைக்கு எப்புடி பெருநாள் கொண்டாடுறது? செக்போஸ்ட் கேலி நல்லா இருந்துச்சு, ஒத்துக்குறேன். கேரளா பிறைய நாம ஏத்துக்கறதுல எனக்கு மறுப்பே இல்ல, அது ஜமாத்துங்க பேசி முடிக்க வேண்டிய விஷயம், பேசத்தான் மாட்டேங்குறாங்க.

——

நளதீர்த்தக் கரை

மன்னிக்கணும், நான் இந்து, திருநள்ளாறு பக்கத்து ஊரு. உங்க சண்டைய படிக்க படிக்க எங்க வீடு மாதிரியே இருக்கு, அதான் உள்ள வந்தேன்.

டீச்சர் சொன்ன அதே மார்ச் 29, எங்களுக்கு என்ன நாள் தெரியுமா, திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி! டிவில யூடியூப்ல எல்லாம் சனி மீனத்துக்கு போயிட்டாருன்னு ஒரே அலப்பறை, வெளியூர்லேந்து சனங்க கெளம்பிட்டாங்க, கோயில்லேந்து அறிக்கை விட்டாங்க, இங்க வாக்கியப் பஞ்சாங்கம் தான், இப்ப பெயர்ச்சி கெடையாது, 2026ல தான்னு. போன தடவையும் அதே கதை, திருக்கணிதத்துல 2023 ஜனவரி, கோயில்ல 2023 டிசம்பர் 20. உங்களுக்கு ஒரு நாள் வித்தியாசத்துக்கே மாமி அழுவுறாங்க, எங்களுக்கு பதினோரு மாசம்! ஏழரை முடிஞ்சுதா இல்லையான்னு என் மச்சினன் இன்னும் ரெண்டு பஞ்சாங்கத்தையும் வச்சு பாத்துட்டு இருக்கான், எதுல அவனுக்கு நல்லது சொல்லுதோ அத நம்புறான்.

வாக்கியம்ங்கறது என்னன்னா சந்திரன் ஒவ்வொரு நாளும் எவ்ளோ நகரும்னு சின்ன சின்ன சமஸ்கிருத சொல்லா கட்டி வச்சிருக்காங்க, எழுத்துக்கு ஒரு எண்ணு, மொத்தம் 248 வாக்கியம், வரருசி பேருல சொல்லுவாங்க. மனப்பாடம் பண்ணிட்டா போதும், வானத்த பாக்கவே வேணாம். 1825ல ஜான் வாரன்னு ஒருத்தரு எழுதி வச்சிருக்காரு, பாண்டிச்சேரில ஒரு பஞ்சாங்கக்காரரு தரைல சோழிய அடுக்கி அடுக்கியே சந்திர கிரகணத்த கணிச்சு காட்டுனாராம், காகிதம் பேனா கெடையாது, ஆரம்ப நேரம் நாலு நிமிஷம் தான் தப்பு. முடியற நேரம் முக்கா மணிக்கு மேல தப்புங்கறதையும் சொல்லணும்ல, சொல்லிட்டேன். சென்னை வானாய்வகத்துல வேலை பாத்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி அப்பவே, 1870க்கு முன்ன பின்ன, கண்ணுக்கு தெரியறதோட ஒத்துப்போற மாதிரி திருக்கணித பஞ்சாங்கம் போட்டாரு. நூத்தம்பது வருஷம் ஆச்சு, சண்டை அப்புடியே இருக்கு.

வேடிக்கை என்னன்னா எங்க பக்கம் ரெண்டுமே கணக்கு தான்! பழைய கணக்கா புது கணக்காங்கறது தான் சண்டை, கண்ணால பாக்குற கட்சியே கெடையாது. பாட்டி தெவசத்துக்கு அப்பா பாம்பு பஞ்சாங்கத்துல (அது வாக்கியம்) திதி பாப்பாரு, சித்தப்பா மெட்ராஸ்ல திருக்கணிதம், சில வருஷம் ஒரு நாள் தள்ளி வந்துடும், பாட்டி ரெண்டு நாள் சாப்புடும்னு எங்கம்மா சொல்லும்.

அப்பறம், நீங்க தலைப்பிறைன்னு தேடுறதும் நாங்க மூணாம் பிறைன்னு கும்புடுறதும் பல மாசம் ஒரே பிறை தான். எங்க அம்மாவும் அன்னிக்கு வாசல்ல வந்து மேக்கால பாத்து கன்னத்துல போட்டுக்கும், காசு எடுத்து கையில வச்சுக்கும். நாலாம் பிறைய மட்டும் பாக்க விடாது, நாய் படாத பாடு படணும்னு.

——

மன்னார்குடி கடைமடை

நான் விவசாயி, எனக்கு தெரிஞ்ச காலண்டர் ஒண்ணே ஒண்ணு தான், ஜூன் 12 மேட்டூர் திறப்பு. 2022ல மே 24லயே தொறந்தாங்க, போன வருஷம் ஜூலை 28. எங்க வாய்க்காலுக்கு எந்த தேதின்னு மதகுல காலு நனையற அன்னிக்கு தான் தெரியும். நான் நாகூர் பாய் கட்சி.

——

வடுவூர் பிசிக்ஸ் டீச்சர்

அண்ணே, தண்ணி மேட்டூர்லேந்து கல்லணைக்கு வர எத்தனை நாளுன்னு கணக்கு போட்டு தானே நாத்தங்கால் விடுறீங்க 🙂

——

மன்னார்குடி கடைமடை

கணக்கு போட்டு விட்டு கருகுனதும் உண்டும்மா.

——

கூத்தாநல்லூர் மருமக | மே 28, ராத்திரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, சொன்ன மாதிரியே நேத்து மாடிக்கு போவல, இன்னிக்கு போனோம். மாமிக்கு முட்டி வலி, படியில உக்காந்து உக்காந்து ஏறி வந்தாங்க. கொழுந்தனும் வந்தாரு. ஆறரைக்கு மேல மேகம் கொஞ்சம் வெலகுச்சு, டீச்சர் சொன்ன வலது பக்கமே பாத்துட்டு இருந்தோம், என் மக தான் மொதல்ல பாத்தா, "அந்தா"ன்னா, எனக்கு அவ விரல் நுனிய புடிச்சுட்டு போயி தேட ரெண்டு நிமிஷம் ஆச்சு. நகத்த வெட்டி போட்ட மாதிரி, ஆனா நெனச்சத விட ஒசரத்துல. மாமி துஆ ஓதுனாங்க.

கொழுந்தன் விடுவாரா, "எவ்ளோ ஒசரத்துல இருக்கு எவ்ளோ பெருசா இருக்கு பாருங்க, இது ரெண்டாம் பிறை, ஒண்ணு நேத்தே போயிடுச்சு"ன்னாரு. மாமிக்கு முகம் சுருங்கிடுச்சு. அதுக்கு என்ன பதில் நாகூர் காக்கா?

மச்சானுக்கு அங்க அரஃபா ஜூன் 5 வியாழன், பெருநாள் 6. நமக்கு 7 சனிக்கெழமைன்னு அறிவிப்பும் வந்துடுச்சு. நான் வியாழனும் வெள்ளியும் ரெண்டும் வைக்கலாம்னு இருக்கேன். கொழுந்தனுக்கு வெள்ளிக்கெழமை பெருநாளு, இந்த தடவ வட்டலப்பம் அவரே வேக வச்சுக்கட்டும்னு சொல்லிட்டேன்.

——

நாகூர் மேலவாடை

பத்னு நக்லாங்கற எடத்துல இதே தகராறு நடந்திருக்கு தங்கச்சி. ஒருத்தரு இது மூணாம் பிறைன்னாரு, இன்னொருத்தரு ரெண்டாம் பிறைன்னாரு. இப்னு அப்பாஸ் அவங்க கிட்ட போனப்ப, நீங்க எந்த ராத்திரி பாத்தீங்களோ அந்த ராத்திரி பிறை தான் அதுன்னு சொன்னாங்க. உன் கொழுந்தன் கிட்ட சண்டையா சொல்லாத, சாப்புடுறப்ப மெதுவா சொல்லு.

——

கூத்தாநல்லூர் மருமக

சொன்னேன், "இந்த ஹதீஸ் முஸ்லிம் தொகுப்புல இருக்கா புகாரி தொகுப்புல இருக்கா"ன்னு கேட்டுட்டு போயிட்டாரு. டீச்சர், ஒரு ஒதவி, அடுத்து முஹர்ரம் பிறைக்கு எந்த நாள் மாடி ஏறணும்னு மக கேக்குறா, இப்பவே.

——

வடுவூர் பிசிக்ஸ் டீச்சர்

ஜூன் 25 சாயங்காலம் 4:01க்கு உச்சம், அன்னிக்கு ஏறாதீங்க, மாமி முட்டி தான் வலிக்கும். 26 வியாழன், ஆறே முக்காலுக்கு மேல, இன்னிக்கு பாத்த அதே பக்கம்.